முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே

பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடிதத்தைப் பேனா முனையால் மேசையின் குறுக்கே தள்ளினார். கையால் தொட்டால் தனக்கும் அதில் பங்கு வந்துவிடும் என்று பயந்தவர்போல இருந்தார்.

"படிச்சுப் பாருங்க."

படக்காரி படித்தாள். மூன்றே வரி. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, அடியில் பெயர் இல்லை. "உங்கள் சனிக்கிழமைப் பக்கத்தில் வருகிறவர்கள் வழிப்போக்கர்கள் இல்லை. எல்லோரும் ஒரே அலமாரியிலிருந்து இறங்கி வந்தவர்கள். சந்தேகம் இருந்தால் முழங்கையைப் பாருங்கள்."

தெருமுனையில் இருப்பவர்கள் வைத்த பெயர்தான் படக்காரி. ஒன்பது வருஷமாக வாரம் ஒரு பக்கம் அவளுடையது. பழைய பாணியில் உடுத்தி நடக்கும் முகம் தெரியாதவர்களை அவள் படம் எடுப்பாள். அகலக் காலர், வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கும் கால்சட்டை, குடைபோல் விரியும் புள்ளிப் பாவாடை, ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி. முதலில் படம், பிறகு அனுமதி. வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுவாள். பக்கத்தின் அடியில் வாராவாரம் ஒரு வரி வரும்: "இவர்கள் வழியில் கண்டவர்கள். யாரும் ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் அல்லர்." அந்த வரிக்காகவே பக்கத்தைப் படிக்கிறவர்கள் உண்டு.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்த வரிக்குக் கீழ உங்க கையெழுத்து வேணும்," என்றார் ஆசிரியர். "இல்லேன்னா பக்கத்த நிறுத்த வேண்டியதுதான்."

"என்மேலயே சந்தேகமா சார்?"

"உங்கமேல இல்லம்மா. ஆனா நெருப்பில்லாம புகையுமா?"

அன்று புதன்கிழமை. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கணினிமுன் உட்கார்ந்து, கடந்த இரண்டு மாதத்துப் படங்களைப் பெரிதாக்கினாள்.

கோட்டுக்கும் சட்டைக்கும் ஞாபகசக்தி உண்டு. ஒருவர் ஒரு கோட்டை மாதக்கணக்கில் போட்டால், கை மடங்கும் இடத்தில் துணியும் மடங்கி மடங்கி அங்கே ஒரு விசிறிபோலச் சுருக்கம் விழும். இஸ்திரி போட்டாலும் அதன் நிழல் போகாது. கோட்டு உங்களுடையது என்றால் விசிறி உங்கள் முழங்கைக்கு நேராக இருக்கும். உங்களைவிட நீளக் கைக்காரர் போட்டுப் பழகியது என்றால் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். கைப்பையை எந்தத் தோளில் மாட்டுவார், எந்தப் பையில் சாவி வைப்பார் என்பதையும் இப்படியே துணியிடம் கேட்டுவிடலாம்.

பழுப்புக் கோட்டுக்காரரின் விசிறி முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. பச்சைக் கோட்டுப் பெண்ணுக்கும் அப்படியே. தொப்பிக்காரருக்கு இரண்டு விரற்கடை மேலே. இரண்டு மாதத்தில் எட்டுப் பேர்.

குறிப்பேட்டைப் புரட்டினாள். 'இது யாருடையது?' என்று எல்லோரிடமும் கேட்டு எழுதி வைப்பது அவள் வழக்கம். அத்தையுடையது. பெரியப்பாவுடையது. அத்தையுடையது. தாத்தாவுடையது. எட்டுப் பேருக்கும் உறவுக்காரர் கோட்டு! அப்போது அந்தச் சுருக்கங்கள்தானே அவளுக்குப் பிடித்திருந்தன? பரம்பரையாக வந்த துணி என்று உருகி உருகி எடுத்தாளே.

இன்னும் பெரிதாக்கினாள், பொத்தான் தெரியும்வரை. நான்கு துளைப் பொத்தானை மெஷின் தைத்தால் நூல் இரண்டு கோடாக ஓடும். கையால் தைப்பவர்கள் பெரும்பாலும் பெருக்கல் குறி போடுவார்கள். இந்தக் கோட்டுகளில் மூன்று துளையிலிருந்து வந்த நூல் நாலாவது துளையில் கூடியது, கோழிக்கால்போல. அப்படித் தைக்கிற ஒரே ஒருத்தியை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள்.

மறுநாள் நான்கு மணிக்கு வழக்கமான முனையில் போய் நின்றாள். அந்த முனையை அவள் சும்மா பிடிக்கவில்லை. எதிரே வங்கியின் வெள்ளைச் சுவர். நான்கு மணிக்குமேல் வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, இந்தப் பக்கத்து நடைபாதைமேல் பால்போல மெத்தென்று விழும். முகத்தில் கறுப்பு நிழல் இருக்காது. நாற்பது நிமிஷம்தான், பிறகு பக்கத்துக் கட்டடம் மறைத்துவிடும்.

அதே பச்சைக் கோட்டு வந்தது, உள்ளே வேறொரு பெண்ணோடு.

"ரொம்ப நல்லா இருக்கே. யாரோடதும்மா?"

"எங்க அத்தையோடதுங்க," என்றாள் அந்தப் பெண், பாடம் ஒப்பிப்பதுபோல.

படக்காரி சிரித்துத் தலையாட்டினாள். கேமராவைத் தூக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். இருபதடி விட்டுப் பின்தொடர்ந்தாள் இவள். மருந்துக்கடை, சாவிக்கடை தாண்டி ஒரு சந்து. சந்தின் கடைசியில் 'துணி திருத்தித் தரப்படும்' என்ற பலகை. தங்கச்சியின் கடை.

உள்ளே தங்கச்சி வாயில் நான்கு குண்டூசியோடு ஒரு இடுப்புப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோட்டுப் பெண் இவளைக் கண்டதும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாகக் காற்றாய்ப் பறந்தாள்.

"எத்தன நாளாடி நடக்குது இந்தக் கூத்து?"

தங்கச்சி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையளவு ஊசிமெத்தையில் குத்தினாள். "உக்காருக்கா. மூச்சு வாங்குது உனக்கு."

"ஆள் வச்சு எனக்குமுன்னால நடக்க விட்டியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"நான் எதுக்கு ஆள் வைக்கணும்? அவங்களே வர்றாங்க." சுவரோரம் தொங்கிய வரிசையைக் காட்டினாள். "இதெல்லாம் திருத்தக் குடுத்துட்டு யாரும் வாங்க வராத துணி. ஊர் மாறிடுறாங்க, இல்ல உடம்பு பெருத்துடுறாங்க. ஒரு வருஷம் பாத்துட்டு நானே பழைய மாடலா மாத்திடுவேன். போட்டுப் பாக்கக் கேட்டாங்க, குடுத்தேன்."

"அந்த முனைக்கு வரச் சொன்னது யாரு?"

"ஐயோ, ஒன்பது வருஷமா நாலு மணிக்கு நட்ட கம்பம் மாதிரி அங்கயே நிக்கிற. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும்தான் ரகசியம். பேப்பர்ல படம் வரணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது?"

"அப்போ அத்தை, பெரியப்பா எல்லாம்?"

"நீதானே 'இது யாரோடது'ன்னு கண்ண விரிச்சுக்கிட்டுக் கேக்குற. தையக்கடையோடதுன்னு சொன்னா உன் மூஞ்சி எப்படிப் போகும்! பாவம்னு பாத்து ஒரு அத்தையக் குடுத்தாங்க."

படக்காரி நாற்காலியில் கிடந்த பச்சைக் கோட்டை எடுத்துத் திரும்ப எறிந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

தங்கச்சி கொஞ்ச நேரம் நூலை விரலில் சுற்றினாள். "சொன்னா நீ இடத்த மாத்திடுவ. வாராவாரம் என் தையல் பேப்பர்ல வருதுக்கா. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்ல."

"அந்த லெட்டரும் உன் வேலதானா?"

"எந்த லெட்டர்?"

படக்காரி சொன்னாள். முழங்கை என்றதும் தங்கச்சியின் புருவம் ஏறியது. "அது சாம்பல் சூட்டுக்காரரா இருக்கும். பெரிய ஓட்டல் சலவைக்கூடத்துல இஸ்திரி போடுறவரு. போன மாசம் ஒரு பொத்தான் தைக்க வந்தாரு. 'உங்க அக்கா ஊரையே எடுக்கிறாங்க, என்னைப் பாத்தா மட்டும் கேமராவ இறக்கிடுறாங்க'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. மூணு தடவ வந்தாராம்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. இரட்டை வரிசைப் பொத்தான், கத்தி முனைபோல மடிப்பு. மூன்று தடவையும் அவரைப் பார்த்து, இது ஏதோ துணிக்கடை அனுப்பிய ஆள் என்று முடிவுகட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த சூட்டு யாரோடதுடி?"

"அவரோடதுதான். இருபது வருஷமா."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் வந்தார். கடிதம் என்ன செய்தது என்று பார்க்க வருவார் என்று அவள் எதிர்பார்த்தே நின்றிருந்தாள். முழங்கைச் சுருக்கம் முழங்கையிலேயே இருந்தது. இஸ்திரிக்குப் பழகிப்போன ஒரு மெல்லிய நிழல். அதை அவள் மூன்று தடவையும் பார்க்கவே இல்லை.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா," என்றார், மறைக்காமல். "பேர் போடாதது தப்புதான். பயம். நீங்க ஏன் என்னை எடுக்கல?"

"உங்க சூட்டு ரொம்பச் சரியா இருந்துச்சு. யாரோ அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்."

அவர் முகம் சுருங்கியது. பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. "சரியா இருந்தா பொய்யா? அப்போ நான் தினம் பண்ற வேலையே பொய்தானுங்களா?"

வெளிச்சம் அவர்மேல் மெத்தென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் கை தானாகக் கேமராவைத் தூக்கியது.

அவர் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினார். "வேண்டாம்மா. நான் வருவேன்னு காத்திருந்துதானே எடுக்கிறீங்க? இதுவும் ஏற்பாடுதான்."

அவள் கேமராவை இறக்கினாள். பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்து குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். எட்டுப் பேர் போட்டிருந்தது என் தங்கை கடைத் துணி. நான் அவர்களை ஏற்பாடு செய்யவில்லை. நான் நிற்கும் இடமும் நேரமும் தெரிந்து அவர்களே வந்தார்கள். இதை அறிய எனக்கு வழி இல்லாமல் இருந்தது. எழுதி முடித்து அவரிடம் நீட்டினாள்.

அவர் துணியைப் பார்ப்பதுபோலவே, தாளைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "கடைசி வரி வேண்டாமே. வழி இருந்துச்சு. நானே பேப்பர்ல பாத்துதானே கண்டுபிடிச்சேன்."

அவள் அந்த வரியை அடித்துவிட்டு, "பார்க்கத் தவறினேன்" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். "நான் கேட்ட பேப்பர் இது இல்லையே."

"நான் கையெழுத்துப் போட முடிஞ்சது இதுலதான் சார்."

சனிக்கிழமைப் பக்கத்தில் படம் இல்லை. நடுவில் அவள் எழுதியது மட்டும் அச்சாகியிருந்தது. பக்கம் தொடருமா என்று கேட்டதற்கு, "வர்ற கடிதத்தப் பாப்போம்" என்றார் ஆசிரியர்.

காலை ஏழு மணிக்கே தங்கச்சி போன் செய்தாள். கடையைச் சந்திக்கு இழுத்ததற்குத் திட்டுவாள் என்று நினைத்துப் படக்காரி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்தாள்.

"அக்கா, எட்டுன்னு எழுதியிருக்க."

"ஆமா. எட்டுதானே?"

அந்தப் பக்கம் குண்டூசி மெத்தையில் இறங்கும் சின்னச் சத்தம் கேட்டது.

"பதினொண்ணுக்கா," என்றாள் தங்கச்சி.

படக்காரி போனை வைக்காமலே கணினியைத் திறந்தாள்.