கழித்துவிட்ட ஐம்பத்தைந்து நிமிடம்

லுத்பியா இறந்து ஏழு மாதமாகியும் அவளுடைய பற்றீரியாக்கள் உயிரோடிருந்தன. ஆழ்குளிர்ப் பெட்டியில், அவள் கையால் திகதி எழுதிய சிறு குழாய்களுக்குள். அதே ஆய்வுகூடத்தில் அவளோடு வேலைசெய்த நிருஷா ஒன்றை எடுத்து உருக்கி ஊற்றினாள். மறுநாள் காலையில் குடுவை கலங்கியிருந்தது. வளர்த்தவள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டது அவற்றுக்குத் தெரியாது.

பேராசிரியர் வரதராசா கேட்டது ஒரு வேலைதான். லுத்பியாவின் பரிசோதனையைத் திருப்பிச் செய்து பார்க்கவேண்டும். சரிவந்தால் அவள் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பலாம். கொட்டாஞ்சேனையில் அவளுடைய தாய் உம்மு குல்தூம் அதற்காகவே காத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் நிருஷாவுக்கு அழைப்பெடுத்து, மகளின் பெயர் எப்போது அச்சில் வரும் என்று கேட்பார்.

குளுக்கோசை உள்ளே இழுக்கும்போது பற்றீரியாவின் புரதங்கள் ஒரு பொஸ்பேற்றைக் கைக்குக் கை மாற்றிக் கடைசியில் அந்தச் சர்க்கரையிலேயே வைத்துவிடும். அதனால் குளுக்கோசு வந்துகொண்டிருக்கும்வரை இடையிலுள்ள ஒரு புரதத்தின் கை வெறுமையாகவே இருக்கும். வெறுங்கையோடு அது லக்டோசின் வாசலை மறித்து நிற்கும். குளுக்கோசு தீர்ந்தால் பொஸ்பேற்று அதன் கையிலேயே தங்கிவிடும். பசி வந்துவிட்டதென்று அர்த்தம். வாசல் திறக்கும். ஆனாலும் லக்டோசை உடைக்கும் நொதியைச் செய்து முடிக்கும்வரை வளர்ச்சி நின்றுபோகும். அந்தப் புரதத்தைத் தான் மாற்றியமைத்த வகையில் இந்த நிறுத்தமே இல்லை என்பதுதான் லுத்பியாவின் கண்டுபிடிப்பு.

நிருஷா செய்த மூன்று முறையும் நிறுத்தம் வந்தது.

முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாள். பிறகு லுத்பியாவின் குறிப்பேட்டைத் திறந்தாள். மின்வெட்டுக் காலத்துப் பக்கங்கள். லுத்பியா பரிசோதனை செய்த மூன்று நாளும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியிருந்தாள். மூன்று நாளும் பகல் 1.10க்குக் கரண்ட் போய் 2.05க்கு வந்திருந்தது. போகும்போது குடுவையின் கலங்கல் அளவு 0.42. வந்தபோதும் அதே 0.42. குலுக்கும் இயந்திரத்தோடு பற்றீரியாவும் நின்றுவிட்டதென்று நம்பி, அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தை அவள் வளர்ச்சிக் கணக்கிலிருந்து கழித்திருந்தாள்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு நிருஷா இரண்டு குடுவை வைத்தாள். ஒன்றில் லுத்பியா செய்தபடியே, கொஞ்சம் குளுக்கோசும் மிச்சத்துக்கு லக்டோசும். மற்றதில் குளுக்கோசு தாராளமாக. 1.10க்கு இயந்திரத்தையும் விளக்கையும் நிறுத்தினாள். ஜன்னல் இல்லாத அறை. லுத்பியாவும் இப்படித்தான் இருந்திருப்பாள், தொலைபேசியின் சார்ஜை மிச்சம் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பதுபோலிருந்தது. நிருஷா தன்னையறியாமல் முக்காலியைத் தள்ளி இடம் விட்டாள்.

2.05க்கு விளக்கைப் போட்டாள். குளுக்கோசுக் குடுவை இருட்டிலும் வளர்ந்திருந்தது. லுத்பியாவின் குடுவை 0.42. அவள் கழித்துவிட்டது கரண்ட் போன நேரத்தையல்ல, அந்த நிறுத்தத்தையே.

வரதராசா சேர் கட்டுரையை நிறுத்திவிட்டார். தாய்க்குத் தானே சொல்வதாக நிருஷா சொன்னாள். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போகும்போது சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அங்கே போனதும் எல்லாம் மறந்துபோய், நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

உம்மு குல்தூம் கேட்டார்:

"எண்ட புள்ள பொய் எழுதினாவா?"

"இல்லை அன்ரி. கண்டதைத்தான் எழுதினவ. கரண்ட் இல்லாத நேரம் அதுகளும் சும்மா இருக்குதெண்டு நினைச்சிட்டா. உள்ளுக்க வேலை நடந்துகொண்டுதான் இருந்தது."

"இத நீங்க செல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

அந்தக் குழாயை இனி யார் திறந்தாலும் வளர்ச்சி அதே 0.42இல் நிற்கும் என்று நிருஷா நினைத்தாள்.

"அவ உசிரோட ஈந்தா, இத அவக்கிட்டச் செல்லீப்பீங்களா?"

"சொல்லியிருப்பன்."

"அவ என்ன செய்வா?"

"முதல்ல சண்டை பிடிப்பா. எனக்குப் படிப்பிக்க வந்திட்டியோ எண்டு கேப்பா. ரெண்டு நாள் கதைக்க மாட்டா. பிறகு என்னையும் இருத்திவைச்சுக்கொண்டு முதல்ல இருந்து செய்வா."

உம்மு குல்தூமின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அப்படியே நின்றது.

"அப்ப சண்ட புடிக்கவாவது வரச் செல்லுங்க, புள்ள."

அன்று இருட்டில் போலவே வாசலில் யாரோ நிற்பதுபோலிருந்தது; போய்விடுவாளோ என்று நிருஷா திரும்பிப் பார்க்கவில்லை.