எக்ஸில்டாவின் மாவுக்கட்டு

எக்ஸில்டாவின் கால் முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் கலூபாவுக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. 'கொடுத்துவைத்தவள்' என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே கூசிப்போய், "கடவுளே, எந்தக் கால்?" என்று கணவனிடம் கேட்டாள்.

"இடது கால். பாட்டு ஒத்திகை முடிஞ்சு சர்ச் படியில இறங்கும்போது வழுக்கிடுச்சாம். முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போயிடுச்சு," என்றான் லோம்பே. எக்ஸில்டா அவனுடைய ஒரே தங்கை. அவன் குரல் கம்மியிருந்தது. தன் உடம்பு வலியைப் பற்றி அவன் பேசும்போது இப்படிக் குரல் கம்மி எத்தனை நாளாயிற்று என்று கலூபா கணக்குப் பார்த்தாள். அதற்கும் கூசினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பார்க்கப் போனார்கள். கிட்வே நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது எக்ஸில்டாவின் வீடு. வாசலிலேயே செருப்புகள் குவிந்து கிடந்தன. சர்ச் மாதர் சங்கம் முழுக்க உள்ளே இருந்தது. சோபாவில் எக்ஸில்டா சாய்ந்திருக்க, தொடை வரை மாவுக்கட்டுப் போட்ட கால் இரண்டு தலையணை மேல் மகாராணி மாதிரி வீற்றிருந்தது. அதில் ஆளாளுக்குப் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். மேஜையில் கோழிக்குழம்பு, வேர்க்கடலை போட்ட கீரை, மூடிபோட்ட பாத்திரத்தில் சூடான ன்ஷிமா என்கிற சோளக்களி. சங்கத் தலைவி லவ்னெஸ் மண்டியிட்டு உட்கார்ந்து எக்ஸில்டாவின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா தங்கம்?"

"இங்கதான் அக்கா. இந்த இடம்," என்று எக்ஸில்டா விரலால் தொட்டுக் காட்டினாள்.

இந்த இடம் என்று தொட்டுக் காட்ட ஒரு இடம் இருக்கிறது அவளுக்கு. கலூபா சுவரோரமாக நின்று அந்த விரலையே பார்த்தாள்.

ஆறு வருடங்களாகக் கலூபாவின் உடம்பில் வலிக்காத இடமில்லை. காலையில் எழும்போது யாரோ அடித்துப் போட்டதுபோல் இருக்கும். உள்ளாடைப் பட்டி தோளில் பட்டால் எரியும். ன்ஷிமா கிளற அகப்பையைப் பிடித்தால் கழுத்துவரை இழுக்கும். மகன் சோலா ஓடிவந்து கட்டிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். சந்தையில் பழைய துணி விற்ற கடையை விட்டாள். ரத்தத்தைச் சோதித்தார்கள், படம் பிடித்தார்கள், ஒன்றுமே இல்லை என்றார்கள். அக்கம்பக்கத்தில் வேறு ஏதோ நோய் என்று காதைக் கடித்தார்கள். கடைசியில் தலைநகர் லுசாகாவில் ஒரு டாக்டரம்மா, "இதுக்குப் பேரு ஃபைப்ரோமயால்ஜியா" என்றபோது, பேர் கிடைத்த சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டாள். சங்கத்தில் போய்ச் சொன்னாள்.

"ஃபை... என்னது?" என்றாள் லவ்னெஸ். "கேட்டா ஏதோ சென்ட் பாட்டில் பேரு மாதிரி இருக்கு. எழுந்து வேலையப் பாரு கலூபா, சரியாப்போயிடும்."

அதோடு முடிந்தது. ஒரு கிண்ணம் கீரை வரவில்லை.

தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டுபிடித்தவன் லோம்பே. குறட்டை சட்டென்று அடங்கிவிடும்; அவன் பயந்துபோய் உலுக்குவான். சோதித்துப் பார்த்ததில் மணிக்கு நாற்பது முறைக்கு மேல் நிற்கிறது என்று தெரிந்தது. "ரெண்டு வியாதியும் ஒண்ணுக்கொண்ணு தீனி போடுதும்மா," என்றார் டாக்டரம்மா. "தூங்காததால வலி கூடுது. வலியால தூக்கம் கெடுது." ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் லோம்பேயின் அண்ணன், முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷின் ஒன்றை அனுப்பினார். மூன்று மாதம் கலூபா மனுஷியாக இருந்தாள். அப்புறம் மழை பொய்த்து, கரண்ட் தரும் கரீபா அணையில் தண்ணீர் வற்றி, கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றாகிவிட்டது. அந்த மூன்று மணியும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

எக்ஸில்டாவின் வீடு ஆஸ்பத்திரி லைனில் இருந்தது. அந்த லைனில் கரண்ட் போவதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கலூபா கை கழுவப் போகும்போது, ஆளே இல்லாத உள்ளறையில் பட்டப்பகலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி வெறும் கட்டிலுக்குக் காற்று வீசியது. முறிந்த காலை மன்னித்திருப்பாள், கோழிக்குழம்பைக்கூட மன்னித்திருப்பாள். அந்த விளக்கை மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லோம்பே தயங்கித் தயங்கிச் சொன்னான். "அவ புருஷன் தாருஸ்ஸலாமுக்கு லாரி எடுத்துட்டுப் போனா வர மூணு வாரம் ஆகும். கூட ஒருத்தர் இருக்கணும்."

"என்னால ஒரு வாளி தூக்க முடியுமா? நானே பிடிச்சுக்கிட்டு நடக்கிறவ."

"தெரியும், சோலா அம்மா." அவளுக்காக நடையைக் குறைத்தான். "அங்க கரண்ட் இருக்கு."

மறுநாளே மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு கலூபா நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

முதல் நாள் மத்தியானம் எக்ஸில்டாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தவள் நாலு மணி நேரம் கழித்துத்தான் கண் விழித்தாள். கையை மூடிப் பார்த்தாள். விரல்கள் மடங்கின. ஒரு வாரத்தில் தலைக்குள் இருந்த பஞ்சு விலகியது. சொல்ல வந்த வார்த்தை சொல்லும்போதே வந்தது. வலி போய்விடவில்லை. இரைந்துகொண்டிருந்தது இப்போது முணுமுணுத்தது, அவ்வளவுதான். அந்த அளவுக்கே அவள் சமையலறையில் பாடினாள்.

பார்க்க வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை. எல்லோருக்கும் தேநீர் கொடுத்தவள் கலூபா.

"அடடே, நல்லா ஓடியாடுறியே!" என்றாள் லவ்னெஸ், கோப்பையை வாங்கிக்கொண்டு. "வேலை செஞ்சா வியாதி ஓடிடும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"அண்ணி படுக்கையைப் பாத்ததும் ஓடுற ஓட்டத்தைப் பாக்கணுமே நீங்க," என்று எக்ஸில்டா சோபாவிலிருந்தே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் கேலிதான். ஆனால் கலூபா சமையலறைக்குப் போய், கோப்பைகளை வேண்டுமென்றே சத்தம் வரக் கழுவினாள்.

இரவில் எக்ஸில்டா, "அரிக்குது அண்ணி, உயிர் போகுது," என்று அடிக்கோலை மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிவாள். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடிப்பாள். ஆறு வாரம். அவளுடைய நாள்காட்டியில் ஒரு கடைசி நாள் இருந்தது. அது நெருங்க நெருங்கக் கலூபா அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டாள்.

ஆறு வாரம் முடிந்த திங்கட்கிழமை படம் எடுக்கப் போனார்கள். எக்ஸில்டா சக்கர நாற்காலியில் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். கட்டுப் போடும் சிசாலா உள்ளே கலூபாவிடம் படத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் சர்ச் பாட்டுக் குழுவிலும் பாடுகிறவர்.

"எலும்பு அருமையாக் கூடியிருக்கு. இன்னைக்குக் கூட்டம் அதிகம். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, வெட்டி எடுத்துடலாம்." எக்ஸில்டாவின் சிகிச்சை நோட்டிலும் அதையே எழுதிக் கொடுத்தார்.

கலூபா வெளியே வந்தாள். எக்ஸில்டா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "எப்ப அண்ணி? எப்ப எடுக்கிறாங்க?"

"இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. எக்ஸில்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நோட்டைக் காட்டுங்க," என்றாள் நடுவில்.

"அவங்க கிறுக்கல் உனக்குப் புரியவா போகுது?" என்று நோட்டைப் பைக்குள் ஆழமாகச் செருகினாள் கலூபா. தன் மேல்துணியின் ஓரத்தால் நாத்தனாரின் கண்ணைத் துடைத்துவிட்டாள். அன்று மத்தியானம் அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. பிற்பாடு அவளை எல்லாவற்றையும்விட உறுத்தியது அந்தத் தூக்கம்தான்.

சனிக்கிழமை மாதர் சங்கத்தோடு பாட்டுக் குழுவும் வந்தது. சிசாலா உள்ளே நுழைந்ததும், "என்னம்மா, வியாழக்கிழமை பூரா வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். கட்டோடயே இருந்துடலாம்னு முடிவா?" என்றார்.

எக்ஸில்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அறையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"மறந்திருப்பா," என்றாள் லவ்னெஸ் சட்டென்று. "பாவம், அவ வியாதி அப்படி. அந்த... அந்த ஃபைப்ரோ. மறதியெல்லாம் வருமாம் அதுல, இல்ல கலூபா?"

ஆறு வருடத்தில் அந்தச் சங்கத்தில் ஒருத்தி வாயால் அது வியாதி என்று வந்தது அன்றுதான். 'ஆமாம்' என்று தலையாட்டினால் போதும். அத்தனை பேரும் உச்சுக் கொட்டுவார்கள். கலூபாவின் தலை ஆடியது. லவ்னெஸ் எழுந்து வந்து அவள் தோளைத் தடவினாள். எத்தனையோ நாள் ஏங்கிய கை அது. பட்ட இடம் எரிந்தது.

எல்லோரும் போனபின் எக்ஸில்டா கேட்டாள், "நிஜமா மறந்தீங்களா?"

கலூபா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி."

"மறக்கல. பொய் சொன்னேன்."

"ஏன்?"

"கட்டை எடுத்துட்டா என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுவே. அங்க கரண்ட் இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "நீ கீழ விழுந்தே, ஊரே ஓடி வந்துச்சு. கோழி என்ன, கீரை என்ன! நான் ஆறு வருஷமா விழுந்துக்கிட்டிருக்கேன், யாரு வந்தா? உன் கால்ல பேரு எழுதுறாங்க. என் வியாதிப் பேரை அவங்களால சொல்லக்கூட முடியல. ஆளில்லாத ரூம்ல விளக்கு எரியவிட்டுட்டு உட்கார்ந்திருக்கே நீ. அந்த விளக்கு எரியுற நேரம் எனக்கு மூச்சு!"

"கால் வேணுமா? எடுத்துக்கோங்க!" எக்ஸில்டா ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தாள். அது மேஜைக்காலில் மோதி விழுந்தது. "ரெண்டு நாள் அண்ணி! இந்தச் சுண்ணாம்புச் சிறைக்குள்ள ரெண்டு நாள் சும்மா கிடந்திருக்கேன். இன்னும் ஒன்பது நாள் கிடக்கவிட்டிருப்பீங்க. கக்கூஸ் போகக்கூட உங்களைத்தானே கூப்பிட்டேன்? நம்பித்தானே கூப்பிட்டேன்?"

கலூபா நின்ற இடத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எக்ஸில்டா சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"போன மாசம் ஒரு நாள் இந்த நாற்காலியில மெஷின் இல்லாம தூங்கிட்டீங்க. உங்க மூச்சு நின்னுச்சு. நான் எண்ணினேன். இருபத்தி மூணு வரைக்கும் எண்ணியும் வரல. ஊன்றுகோலால குத்தி எழுப்பினேன்."

"நீயா அது? கனவுன்னு நினைச்சேன்." கலூபா திகைத்தாள். "யார்கிட்டயும் சொல்லலியே நீ. லவ்னெஸ் கேலி பண்ணும்போதாவது சொல்லியிருக்கலாமே."

எக்ஸில்டா மூக்கை உறிஞ்சினாள். "சொன்னா எல்லாரும் உங்க பக்கம் திரும்பிடுவாங்க. அண்ணன் போன் பண்ணினாலே முதல்ல என்ன கேக்குறான்? 'அவ தூங்கினாளா?' கால் முறிஞ்சது எனக்கு! எனக்கு இருக்கிறது ஒரு அண்ணன்."

கலூபாவுக்கு அது தெரியாது. லோம்பே அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. சந்தோஷப்படத் தோன்றியது, அந்த நேரத்தில் சந்தோஷப்படுவது அசிங்கமாகவும் இருந்தது. குனிந்து ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். குனிந்ததற்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. எக்ஸில்டா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

திங்கட்கிழமை கட்டை வெட்டினார்கள். உள்ளேயிருந்து வந்த கால் மெலிந்து, தோல் உரிந்து, காய்ந்த குச்சி மாதிரி இருந்தது. "ஒரு மாசம் நடை பழகுங்க, கிறிஸ்துமஸுக்கு ஆடலாம்," என்றார் சிசாலா. எக்ஸில்டா காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அன்று சாயங்காலமே கலூபா மெஷினைப் பையில் வைத்தாள். இரு என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாவது நாள் அகப்பை கையிலிருந்து நழுவியது. பத்தாவது நாள் சோலாவின் வகுப்பு எது என்பதே நினைவுக்கு வராமல் திணறினாள். நடந்ததை லோம்பேயிடம் தானே சொல்லியிருந்தாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குச் சாய்ந்து படுக்கத் தலையணைகளை அடுக்கிக் கொடுத்தான்.

அக்டோபர் வெயிலில் ஒரு மத்தியானம் வாசலில் வாடகைக்கார் வந்து நின்றது. எக்ஸில்டா ஒரு கைத்தடியோடு இறங்கினாள்.

"அந்தப் பையை எடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"தினமும் மத்தியானம் என் வீட்டுல வந்து படுங்க. ராத்திரியும் வேணும்னா அண்ணனையும் சோலாவையும் கூட்டிட்டு வாங்க, உள்ரூம் சும்மாத்தான் கிடக்கு. சமைக்க வேணாம், ஒண்ணும் வேணாம்." குரலை உயர்த்தினாள். "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைச்சுடாதீங்க. சங்கத்துல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் காலோட நாலு நாளைத் தின்னவங்க நீங்கன்னு சொன்னேன். இருபத்தி மூணு எண்ணினதையும் சொன்னேன். லவ்னெஸ் அக்கா வாயைத் திறக்கல."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"ஆமா. வாங்க, மீட்டர் ஓடுது."

கலூபா மெஷின் பையைத் தூக்க முயன்றாள். எக்ஸில்டா பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலிலிருந்து கார் முப்பது அடி தூரம். எக்ஸில்டாவின் இடது கால் லேசாக இழுத்தது. ஆனாலும் தடியை ஊன்றாமலே நாலு எட்டு வைத்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, அண்ணி வந்து சேரட்டும் என்று நின்றாள்.

கலூபா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சதை ஏறத் தொடங்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு அது ஆடும். அடுத்த வருடம் எந்தக் கால் முறிந்தது என்று எக்ஸில்டாவே யோசித்துத்தான் சொல்வாள். முடிந்துபோகிற வியாதி. பொறாமை அவளுக்குள் அன்று கேள்விப்பட்டபோது இருந்த அதே சூட்டோடுதான் இருந்தது, கொஞ்சமும் ஆறவில்லை.

"மெதுவா வாங்க அண்ணி," என்றாள் எக்ஸில்டா. "அவசரம் இல்ல."

"நீ முன்னால போய்க் கார்க் கதவைத் திற," என்றாள் கலூபா.