ஓடைக்கு அந்தப் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். 1986 சித்திரையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே அது பழுத்த மிளகாய் மாதிரி இருந்திருக்கும். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப்பைக் காணோம்.

நான் இசபெல்லா. தாண்டிக்குடியில் கன்னியர் மடத்து மருந்தகத்தில் நர்ஸ். வர வேண்டிய ஜீப் கொடைக்கானலில் இருக்கும் வேறொரு சபையின் மிஷன் ஆஸ்பத்திரியுடையது. பத்து வருஷமாக நாங்களும் அவர்களும் ஒரே மலைக் கிராமங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். வியாழக்கிழமை நாங்கள் பூச்சி மாத்திரை கொடுப்போம். வெள்ளிக்கிழமை அவர்களும் கொடுப்பார்கள். பிள்ளைகள் வயிறு என்ன பாவம் செய்ததோ! அந்த வருஷம்தான் இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். தடுப்பு மருந்தும் ஜீப்பும் அவர்களுடையவை. மண்ணெண்ணெய் பிரிட்ஜில் உறையும் ஐஸும் ஊசி போடும் கையும் எங்களுடையவை. பிள்ளைகளைக் கூட்டுவது அந்தந்த ஊர் சுகாதாரப் பெண்ணின் பொறுப்பு. எங்கள் பிரிட்ஜுக்கும் அவர்கள் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சண்டை பிடித்தேன். மடத்துத் தலைவி மதர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்கள். அத்தோடு என் சண்டை முடிந்தது.

அதிலும் அந்த ஜீப் டிரைவர் ஆரோக்கியதாஸை எனக்கு ஆகவே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் கோயிலில் முன் வரிசையில் முழங்காலிடுவார்; திங்கள் முதல் சனி வரை அவர்கள் வண்டியை ஓட்டுவார். இது என்ன விசுவாசம் என்று ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே டயருக்குக் காற்றடித்தார்.

அன்றைக்குப் போக வேண்டிய ஊர் ஊத்துக்காடு. தாண்டிக்குடியிலிருந்து எட்டு மைல், ஒற்றையடிப் பாதை, பீன்ஸும் பூண்டும் போடுகிற ஊர். அங்கே சுகாதாரப் பெண் சின்னத்தாயி. ஊரே தேர்ந்தெடுத்து எங்களிடம் பயிற்சிக்கு அனுப்பியது. போன வருஷம் அவளுடைய மூத்த பெண் குழந்தை மணல்வாரி அம்மையில் போய்விட்டது. இப்போது மடியில் பத்து மாதப் பையன். பக்கத்து ஊரில் மறுபடியும் மணல்வாரி கண்டிருந்தது. ஊசி போடக் கூடிய வயதில் ஊத்துக்காட்டில் நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நாலரைக்கு அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஊருக்குள் ஊசி ஏறக் கூடாது. வீடுகளில் கடுகுகூடத் தாளிக்க மாட்டார்கள். எட்டு நாள் மணல்வாரி காத்திருக்குமா? பூசாரி திருமலைச்சாமியிடம் நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ள முந்தின வாரமே போயிருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"ஊர்க்காரங்க எல்லாரும் ஓடையத் தாண்டி உள்ள வந்துரணும்ங்க. ஒரு தலை வெளிய கெடந்தாலும் கட்ட மாட்டோம். கட்டுனப்புறம் எட்டு நாளைக்கு யாரும் வெளிய தங்கக் கூடாது."

இது கோயிலா, ஆஜர் எடுக்கிற பள்ளிக்கூடமா என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற சின்னத்தாயியும் சிரிக்கவில்லை.

மணி ஒன்றரைக்கு ஆரோக்கியதாஸ் வந்தார். ஜீப்பில் அல்ல, நடந்து. தலையில் மருந்துப் பெட்டி, சட்டை முழுக்க ஈரம். ராத்திரி மழையில் ரோட்டின் குறுக்கே மரம் விழுந்துவிட்டதாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மரத்தின் மேல் ஏறி இறங்கி, ஏழு மைல் நடந்திருக்கிறார். திட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்தேன். முக்கால்வாசி தண்ணீர். அதில் புளியங்கொட்டை அளவில் நாலைந்து ஐஸ் துண்டுகள் மிதந்தன.

மிதக்கிறது என்றால் மருந்து உயிரோடு இருக்கிறது. பிரிட்ஜில் இருந்த ஐஸ் அத்தனையையும், மதருடைய காய்ச்சலுக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து, உடைத்துக் கொட்டினேன். குக்கரில் அவித்து எடுத்த ஊசிகளைப் பையில் போட்டேன். உங்கள் வேலை முடிந்தது, உட்கார்ந்து காப்பி குடியுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"பெட்டி எங் கையில குடுத்தது சிஸ்டர். புள்ளைங்களுக்கு ஏறுனதப் பாக்காம நான் எப்பிடிப் போறது? வெரசா நடங்க" என்றார்.

நடந்தோம் என்றா சொல்வது? பாதி ஓட்டம். மழை பெய்த பாதையில் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. அட்டைகள் என் கணுக்காலில் விருந்து சாப்பிட்டன. பெட்டியை மாற்றி மாற்றிச் சுமந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மேளச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். நாலு மணிக்கு மேளம் கேட்டது. நாலரைக்கும் கேட்டது. அப்புறம் நின்றுபோயிற்று.

கட்டி முடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், ஆத்திரத்தில் அழுதேன். சின்னத்தாயியின் பையனுடைய முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எட்டிப் பார்த்துவிட்டே திரும்பலாம் என்று ஆரோக்கியதாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கடைசித் திருப்பத்தில் ஊர் எல்லை ஓடை. அதற்கு அந்தப் பக்கம் ஊரே திரண்டு நின்றது. மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டியபடி சும்மா நின்றார்கள். திருமலைச்சாமி கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், ஒரு பாறை மேல் பையனை மடியில் போட்டுக்கொண்டு சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்தவளாம். மாமியார் ஏசிப் பார்த்தாள், புருஷன் கெஞ்சிப் பார்த்தான். ஒருவராலும் அவளை அசைக்க முடியவில்லை. அக்கரையிலிருந்து பூசாரி மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்து வந்தாத்தான் நானும் வருவேன் சாமி. என்னைய விட்டுட்டுக் கட்டுறதா இருந்தா கட்டிக்கங்க" என்றாள்.

அவரால் கட்ட முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து, முதலில் பையனுக்கு இங்கேயே போட்டுவிடுகிறேன் என்றேன்.

"இங்க வேண்டாம் சிஸ்டர். கோயில் முன்னாடி வச்சுப் போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

மூன்று பேரும் ஓடையில் இறங்கினோம். கரையில் திருமலைச்சாமி வழியை மறித்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். மேற்கே சூரியனைப் பார்த்தார். பொழுது அடைவதற்குள் முடித்துவிடுவீர்களா என்று கேட்டார். முடியுமா என்று எனக்கே தெரியாது, முடிப்பேன் என்றேன். அவர் மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைகளும் வெளியே வரட்டும், அடியுங்கள் என்றார். மடத்து மணி அடித்துக்கூட எங்களுக்கு இத்தனை கூட்டம் சேர்ந்ததில்லை.

முதல் ஊசி சின்னத்தாயியின் பையனுக்கு. அவன் போட்ட கூச்சலில் அம்மனே திரும்பிப் பார்த்திருப்பாள். பிறகு வரிசை. ஆரோக்கியதாஸ் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். பூசாரி தன் பேரனைத் தானே பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு தாயிடமும் சொன்னேன்: ஏழாம் நாள், எட்டாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், உடம்பில் நாலு பொரிகூடக் காணும், தானாகப் போய்விடும்.

அன்னக்கொடி என்ற தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டே கேட்டாள்: ஏழாம் நாள் அம்மனுக்குப் பொங்கல், அன்றைக்கு உடம்பு சுட்டால் அது மருந்தா, அம்மன் கோபமா, யாரைப் போய்க் கேட்பது? வரிசையில் முணுமுணுப்பு ஓடியது. நான் அடுத்த பிள்ளைக்கு ஊசியை எடுத்தேன். சின்னத்தாயியின் முகம் கறுத்தது. அத்தனை பேர் கேள்விக்கும் அவள் ஒருத்தி தலையைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாற்பத்தொன்றாவது பிள்ளை வீறிட்டபோது சூரியன் மலை விளிம்பில் இருந்தது. எங்களால் காப்பு தாமதமாகக் கூடாது என்று அவசரமாகப் பையைக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினோம். பின்னால் மேளம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். திருமலைச்சாமி கயிற்றோடு கரைக்கே வந்து நின்றார். பக்கத்தில் சின்னத்தாயி.

"ஆள் குறையுது சாமி" என்றாள்.

யார் என்று அவர் கேட்டார்.

"ஏழாம் நாளு காய்ச்சல் அடிக்கும்னு சொன்ன சிஸ்டரும் மருந்து சுமந்து வந்தவரும் ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

பூசாரி எங்களைப் பார்த்தார். கயிறு அவர் கையிலேயே இருந்தது. எட்டு நாள்! எனக்கு மாற்றுப் புடவை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை போய்விடும். மதரிடம் சொல்லி அனுப்ப ஆள் பிடிக்க வேண்டும். ஆரோக்கியதாஸின் ஜீப்போ விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இத்தனையும் மனதில் ஓடியபோதும் என் மூக்கு சிவக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். அந்த ஊரின் கணக்கில் நானும் ஒரு தலை.

ஆரோக்கியதாஸ் பெட்டியை மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டு முதலில் தண்ணீரில் கால் வைத்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினேன். நாங்கள் இருவரும் கரை ஏறிய பிறகுதான் மேளம் முழங்கியது.