சித்தப்பா முகத்தோடு போன லிங்க்

ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் வலைத்தளம் செய்து கொடுப்பதுதான் சின்னவளின் பிழைப்பு. ஞாபகம் தப்பிப்போன அப்பா வெள்ளைச் சட்டையும் வெறுங்காலுமாக வீட்டைவிட்டு இறங்கிப்போன அன்றே, 'இவரைக் காணவில்லை' என்று ஒரு பக்கம் போட்டுவிட்டாள். மேலே அப்பா படம், பெரிதாக. கீழே, கண்டால் இவரிடம் ஒப்படையுங்கள் என்று தேடிப்போன சித்தப்பா படமும், கூப்பிடத் தன் நம்பரும். லிங்க்கைப் பரப்பும் வேலையை ஆபீஸ் தோழி எடுத்துக்கொண்டாள். அவள் அப்பாவைப் பார்த்ததே இல்லை.

போன்கள் வந்தன. "மார்க்கெட் வாசல்ல பார்த்தேன், கட்டம் போட்ட சட்டை. போறவங்க வர்றவங்களை நிறுத்தி ஏதோ கேட்டுக்கிட்டிருந்தார்" என்றார் ஒருவர். இன்னொருவர் ரயில் நிலையத்தில் பார்த்தாராம். யாரோ புண்ணியவான் சட்டை கொடுத்திருக்கிறான் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்த சித்தப்பாவை அங்கே ஓடச் சொன்னாள் சின்னவள்.

"அங்கேருந்துதாம்மா வர்றேன். அண்ணன் கண்ணுல படலையே" என்று ஒவ்வொரு தடவையும் அழாத குறையாகச் சொன்னார் அவர். நாலு நாளும் இதே கூத்து.

ஐந்தாம் நாள் மருந்துக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "உங்க ஆளு என் எதிர்லதான் நிக்கிறார். கையைப் பிடிச்சு வச்சிருக்கேன், பேசுங்க."

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பா" என்றாள்.

"சித்தப்பாம்மா" என்றது குரல். "இவர் என்னை விடமாட்டேங்கறார்."

அப்புறம்தான் அந்த லிங்க்கைத் தனக்கே அனுப்பிப் பார்த்தாள். லிங்க்கோடு தானாக ஒட்டிவரும் சின்னப் படத்தில், 'இவரைக் காணவில்லை'க்கு மேலே சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று ஸ்டுடியோவில் கொடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தாள். ஃபைல் கனம் அதிகம் என்று அதைத் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த அடுத்த படத்தை எடுத்துக்கொண்டுவிட்டது லிங்க்கைப் பகிர்ந்த தளம். பார்த்த உறவுக்காரர்களோ, தேடிப்போனவர் படம்தானே என்று இருந்துவிட்டார்கள். கடைக்காரர்களுக்கென்றால் பகிர்ந்து பார்க்காமல் ஒப்படைக்கவே மாட்டாள். பெற்ற அப்பனுக்கு மட்டும் பார்க்கவில்லை, பாவி.

படத்தைச் சுருக்கினாள். லிங்க்கோடு எந்தப் படம் வர வேண்டும் என்று வலைப்பக்கத்துக்குள் ஒரு வரி சேர்த்தாள். பழைய படத்தை விட்டுப் புதிதை எடுக்கும்படி தளத்துக்குச் சொல்லும் பொத்தானை ஏழெட்டு முறை அமுக்கினாள். புதிதாக அனுப்பினால் அப்பா வந்தார். ஏற்கெனவே போனதிலெல்லாம் சித்தப்பாதான். அதை யாராலும் மாற்ற முடியாது. திரும்ப அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினாள். பத்துப் பேர் அனுப்பினார்கள்.

மறுநாள் மதியம் ஒரு போன். பஸ் டிப்போ காவலாளியாம்.

"என் மருமக இப்பதாம்மா இந்தப் படத்தைக் காட்டிச்சு. நாலு நாளைக்கு முன்னாடி இவர் இங்க வந்தார். வெள்ளைச் சட்டை, கால்ல செருப்பில்ல. பேரு கேட்டா சொல்லத் தெரியல."

"இப்ப எங்கே இருக்கார்?"

"காணோம்னு வந்துச்சே, அந்தப் படத்தை வச்சு அன்னைக்கே நல்லாப் பார்த்தேம்மா. முகம் வேறயா இருந்துச்சு. இவர் இல்லைன்னு, ஊர் போய்ச் சேரட்டும்னு வந்த பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன்."

"எந்த பஸ்ஸு?"

"அது ஞாபகமில்லம்மா. தூரத்து பஸ்ஸு" என்றார் காவலாளி.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "யாருடி போன்ல?"

"மறுபடியும் சித்தப்பாவைத்தான் பார்த்தாங்களாம், அம்மா" என்றாள் சின்னவள்.