தைத்து மூடிய சட்டை

நடிகர்களுக்கு உடை தைப்பவரைப் படப்பிடிப்பில் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். புதுச் சட்டையை மணல்தாளில் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் முக்கி, பரம்பரைச் சொத்து போல ஆக்கிவிடுவார். இந்த இயக்குநருக்கு அது போதவில்லை. தெருப் பிள்ளைகளைப் பற்றிய படம். நடிப்பதும் தெருப் பிள்ளைகளே.

"நீங்க பண்ற அழுக்கு அழகா இருக்கு மாஸ்டர். எனக்கு நிஜ அழுக்கு வேணும். அதுங்க சட்டையிலயே எடுக்கிறேன். ஆனா தினம் ஷூட்டிங் முடிஞ்சதும் சட்டையை வாங்கிப் பூட்டிடுங்க. நாளைக்கு வேற சட்டையில வந்து நின்னா படம் கெட்டுடும். பதிலுக்குப் புதுசு குடுத்து அனுப்புங்க."

"பிள்ளைங்கன்னு சொல்லுங்க தம்பி. அதுங்க இதுங்கன்னு ஆட்டுக்குட்டியவா சொல்றீங்க?"

முதல் நாள் படப்பிடிப்பு முடிந்ததும் வேனுக்குப் பின்னால் திரை கட்டி, அவருடைய மருமகள் பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிட்டாள். கடைசியில் வந்தது ஊமையன். ஒட்ட வெட்டிய தலை, முழங்கால் வரை தொங்கும் சட்டை. வாயே திறக்காததால் பையன்கள் வைத்த பெயர் அது.

மருமகள் திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். "மாமா, இது பையன் இல்ல. பொண்ணு."

"பொண்ணுக்கு எதுக்கு ஆம்பளச் சட்டை? பூப்போட்ட மஞ்சக் கவுன் இருக்கு பாரு, அதைப் போட்டு விடு."

"வேணாம்னு தலையாட்டுது."

"கூச்சம். பொண்ணுன்னா பொண்ணு மாதிரி இருக்கணும்மா."

மானமாக வாழ்ந்த குடும்பம் அவருடையது. பெண்கள் உடுத்துவதைப் பார்த்துத்தான் ஊர் ஒரு வீட்டை எடைபோடும் என்று நம்புகிறவர். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தார். கவுனோடு அது வெளியே வந்ததும் பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"டேய், ஊமையன் பொண்ணுடா! நேத்து மல்லுக்கட்டி இவகிட்டயாடா தோத்தேன்?"

பிள்ளைகள் கலைந்தார்கள். மருமகளும் வீட்டுக்குக் கிளம்பினாள். மாஸ்டர் சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினார். ஊமையனின் சட்டையை எடுத்ததும் கை நின்றது. கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை, பொத்தான்களுக்கு மேலேயே முரட்டு நூலால் தைத்து மூடியிருந்தது. தலை வழியாகத்தான் போடலாம், கழற்றலாம். ஊசி பிடிக்கத் தெரியாத விரல்கள் போட்ட தையல்; ஆனாலும் ஓர் இடம்கூட விட்டுப்போகவில்லை. இது கிழிசலுக்குப் போட்டதல்ல. எவன் கையும் திறந்துவிடக் கூடாது என்று போட்டது.

அந்தக் குழந்தை கட்டியிருந்த கோட்டையை அவரே இடித்து, வாசலில் மஞ்சள் கொடியும் ஏற்றிவிட்டார்.

சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகள் படுக்கும் பாலத்துக்கு அடியில் ஓடினார். பையன்கள் இப்போது சிரிக்கவில்லை.

"நெட்டையன் அவளக் கவுன்ல பார்த்துட்டான் தாத்தா."

"எந்த நெட்டையன்?"

"பொண்ணுங்கள வண்டியில ஏத்திட்டுப் போவான். போனவங்க திரும்பி வந்ததே இல்ல. அவ பஸ் நிலையத்துக் கக்கூஸ் பக்கம் ஓடுனா. அவனும் பின்னாலயே போனான்."

கழிப்பறை வரிசையில் ஒரு கதவு மட்டும் மூடியிருந்தது. எதிரே குழாயில் சாய்ந்து, வண்டிச் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான் நெட்டையன். அவனுக்கு அவசரமே இல்லை.

"என்ன பெருசு, முட்டிக்கிட்டு வருதா? பக்கத்துக் கதவு காலிதான்."

மாஸ்டர் மூடிய கதவைத் தட்டினார். "கண்ணு, நான்தான்மா. துணி குடுத்த தாத்தா."

கதவுக்குக் கீழே மஞ்சள் விளிம்பு நடுங்கியது.

"அது உனக்கு யாரு?" சாவி காதிலிருந்து வெளியே வந்தது.

கெட்ட சகவாசம் என்று தம்பி மகனையே உறவில்லை என ஒதுக்கியவர் மாஸ்டர். உறவு என்ற சொல்லை அவர் யாருக்கும் கடனாகக்கூடக் கொடுத்ததில்லை.

"என் பேத்தி."

"பாலத்துக்கு அடியில படுக்கிற பேத்தியா? மானம் போகுது பெருசு. மெதுவாப் பேசு."

"போகட்டும்யா!" குரலை உயர்த்தினார். "என் பேத்தியத் தெருவுல விட்டது என் தப்பு. மானம் என்னுது, போனா எனக்குத்தானே போகுது? உனக்கு எங்க வலிக்குது?"

பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டையன் புன்னகையோடு ஒதுங்கினான். தாழ்ப்பாள் மெல்ல விலகியது. சில்லிட்ட சிறு கை அவர் கைக்குள் வந்தது.

"வீடு எங்க பெருசு? வண்டியில கொண்டுவந்து விடட்டுமா?"

மாஸ்டர் குழந்தையை அணைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. வேறு தெருவுக்குள் திரும்பலாம் என்றால், குழந்தையின் கால் தடுமாறியது. வீட்டு வாசலில் மருமகள் கேட்க வாயெடுத்தாள்.

"உள்ள போம்மா. கதவைச் சாத்து."

அவர் முகத்தைப் பார்த்தவள் தாழிட்டு, தையல் மிஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். புருஷனுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவனுக்கு வீடு தெரிஞ்சுபோச்சு," என்றது குழந்தை. அந்தக் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

கதவு தட்டப்பட்டது. வெகு மரியாதையான தட்டல்.

"பெருசு, பேத்திய ஒருதடவ பார்த்துட்டுப் போறேனே."

மாஸ்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்கள வெளியாளுக்குக் காட்டுற பழக்கமில்ல."

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. செருப்புகள் நகரவில்லை. குழந்தை வந்து மருமகளுக்குப் பக்கத்தில் மிஷினில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றது.