குளோசப்புக்குப் பிணம் தேவையில்லை

கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை. சாக்லேட் பாகு போதும். சிமி பள்ளத்தாக்கில் எங்கள் கௌபாய் தொடரை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சுடப்பட்டவர்களுக்கெல்லாம் அதை ஊற்றியது நான்தான். ஒப்பனை என் வேலை. அன்று வெண்டலின் மார்பில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டேன்.

வெண்டல் எங்கள் நிரந்தரப் பிணம். மாடு திருடனாகவோ சூதாடியாகவோ வந்து, வாரம் தவறாமல் செத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கோரினுக்கு அன்றுதான் முதல் பெரிய வேடம். ஷெரீப் ஆள் மாறிச் சுட்டுவிட்ட ஹார்லன் என்ற விவசாயியின் மனைவி. ஹார்லனாகச் சாகப்போவது வெண்டல்.

"வீட்லயும் இவன் இப்படித்தான் அசையாம கிடப்பான். நடிக்கவே வேணாம்," என்றாள் கோரின்.

"உன் சமையலைச் சாப்பிட்டுட்டு எவன் அசைவான்?" என்றான் வெண்டல், கண்ணை மூடியபடியே.

சிரித்தாள். ஆனால் பவுடர் போடும்போதுகூட அவள் தன் வசனத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போவதற்குள் அவள் அழும் காட்சி சரியாக வராவிட்டால் அதை வெட்டிவிட்டுக் குதிரைத் துரத்தல் ஒன்றைச் சேர்த்துவிடுவதாக இயக்குநர் பிரெண்டிஸ் சொல்லியிருந்தார். அந்தக் காட்சி போனால் அவளுக்கு மிஞ்சுவது, ஷெரீப்பிடம் காபி வேண்டுமா என்று கேட்கும் ஒரே ஒரு வரி.

முதல் டேக்கில் கோரின் ஓடிவந்து விழுந்து, "எழுந்திரு ஹார்லன், சாப்பாடு ஆறுது," என்று கதறினாள். அதற்குள் பாகுக்கு ஈ மொய்த்துவிட்டது. ஒன்று பிணத்தின் மூக்கில் உட்கார்ந்தது. பிணம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மெல்ல உதட்டைக் கோணி ஊதியது. கோரினின் கதறல் சிரிப்பாகிவிட்டது.

"வெண்டல், நீ செத்துட்டே," என்றார் பிரெண்டிஸ்.

"ஈக்கு அது தெரியல சார்."

ஒருவழியாக அந்த ஷாட்டைத் தூரத்திலிருந்து எடுத்து முடித்தார்கள். அடுத்தது கோரினின் குளோசப். குளோசப்புக்குப் பிணம் தேவையில்லை. கேமராவில் அவள் முகம் மட்டும்தான் தெரியும். வெண்டலை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அவன் கிடந்த இடத்தில் ஓட்ஸ் மூட்டை ஒன்றை வைத்தார்கள். நான் கோரினின் கண்ணில் கிளிசரின் விட்டேன். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தாரை தாரையாக அழுதாள்.

"மூட்டையில எலி புகுந்துட்ட மாதிரி அழறே," என்றார் பிரெண்டிஸ். வெயில் மலை முகட்டைத் தொட்டுவிட்டது. அவர் திரும்பிக் கைகாட்ட, அந்தப் பக்கம் குதிரைகளுக்குச் சேணம் பூட்ட ஆரம்பித்தார்கள்.

வண்டி வரை போயிருந்த வெண்டல் திரும்பி வந்தான். மூட்டையை நகர்த்திவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான்.

"உன்னை யாருமே பாக்கப் போறதில்லப்பா," என்றார் பிரெண்டிஸ்.

"அவ பாப்பாளே சார்."

"ஈயை ஊதினே, நிஜமாவே கொன்னுடுவேன்," என்றாள் கோரின். நான் பாகையும் கிளிசரினையும் துடைத்தெடுத்தேன்.

கேமரா ஓடியது. இம்முறை அவள் கதறவில்லை. "எழுந்திரு, ஹார்லன்," என்றாள், ஞாயிற்றுக்கிழமை தூங்குமூஞ்சியை எழுப்புவதுபோல. அவன் காலரைச் சரிசெய்தாள். "சாப்பாடு ஆறுது." குரலில் சலிப்பு மட்டும்தான். பதிலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். காலரைப் பிடித்திருந்த விரல்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சேணம் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு நின்றார்கள். பிரெண்டிஸ் கட் சொல்ல மறந்துவிட்டார்.

நான் நின்ற இடத்திலிருந்து பிணத்தின் முகம் தெரிந்தது. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, கேமராவுக்கு அது தெரியாது.

"கட்," என்றார் பிரெண்டிஸ், ஒருவழியாக. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் குதிரைகளை அவுத்து விடுங்கப்பா," என்றார்.

கோரின் வெண்டலின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "எப்படி இருந்தது?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் செத்துக் கிடந்தேனே."

"செத்தவன் காது ஏன் ஈரமா இருக்கு?"

எழுந்து உட்கார்ந்து முழங்காலில் தூசி தட்டினான். "வெயில். வேர்த்துடுச்சு."

"வெயில் எப்பவோ போயாச்சு, வெண்டல்," என்றாள் கோரின். காலரை மட்டும் அவள் விடவில்லை.