கருப்பு அட்டைக்காரரின் மனைவி

என் கணவருக்கு இரண்டு வீடு. ஒன்றில் நானும் எங்கள் வாண்டும் இருக்கிறோம். இன்னொன்று, ஊருக்கு ஊர் ஒரே பெயரில் இருக்கிற ஒரு ஹோட்டல். ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுக்கிற பெரிய மெஷின் படுத்துக்கொண்டால் போய் எழுப்பிவிடுகிற என்ஜினீயர் அவர். மாதத்தில் பாதிக்கு மேல் அந்த ஹோட்டலில்தான் படுக்கை. இத்தனை நாள் தங்கினாரே என்று அவர்கள் ஒரு கருப்பு அட்டை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இத்தனை நாள் காத்திருந்தாளே என்று எனக்கு ஒருத்தரும் ஒரு அட்டையும் கொடுக்கவில்லை. அந்த அட்டைக்கு நான் வைத்திருக்கிற பெயர் சக்களத்தி.

"உன் சக்களத்தி புண்ணியத்துல மூணு நாள் கடற்கரை. ரூம்லேர்ந்தே கடல் தெரியும். வர்றியா?" என்று அவர் கேட்டபோது வாண்டு கட்டில் மேல் ஏறிக் குதித்தாள். நானும் சரியென்றேன். கடலைப் பார்க்கிற ஆசையில் இல்லை. திங்கட்கிழமைக்குள் அவர் தன் கம்பெனிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர் ஆபீஸிலேயே உட்கார்ந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது ஒன்று. இப்போது சுற்றுவதைவிட இரண்டு மடங்கு சுற்றுகிற பெரிய பதவி இன்னொன்று. எது வேண்டுமென்று அவரே சொல்லலாமாம். கேட்டால் "பாத்துக்கலாம்" என்கிறாரே தவிர, மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தால் மனசு நம் பக்கம் திரும்பாதா என்று ஒரு நப்பாசை.

போய் இறங்கினதுமே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அவர் அந்த ஊருக்கு வந்ததே கிடையாது. ஆனாலும் ரிசப்ஷன் பெண் "மறுபடியும் வந்ததுல ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். அவருக்குச் சர்க்கரை போடாத ஜூஸ் வந்தது. அறையில் அவருக்குப் பிடித்த மெல்லிய தலையணை காத்திருந்தது. மெல்லிய தலையணை! கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவருக்குத் தேடித் தேடித் தடித்த தலையணையாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை மனுஷன்.

"சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"வீட்ல நாலு நாள் தூங்கறதுக்கு எதுவா இருந்தா என்ன?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவருக்கு ஒரு ஹோட்டல் குரல் இருக்கிறது. வழவழவென்று, இஸ்திரி போட்ட மாதிரி. யார் வந்து "ஏதாவது குறை இருக்கா சார்?" என்றாலும் "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு, தேங்க்ஸ்" என்பார். வீட்டிலும் பாதி நேரம் அந்தக் குரல்தான். சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்துவிட்டு ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் ரொம்ப நல்லா இருந்ததாம்.

கேட்கக்கூடாது, தானாகச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது வாய் நிற்கவில்லை.

"திங்கக்கிழமை என்னங்க சொல்லப் போறீங்க?"

"பாத்துக்கலாம்."

"எதப் பாக்கறது? நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோம், அட்டை உங்க பையில இருக்கு. யாரு வேணும்னு பாத்துட்டுச் சொல்லிடுங்க. அவதான் வேணும்னா தாராளமாப் போங்க. நாங்க ஒண்ணும் கால்ல விழ மாட்டோம்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போய்விட்டாள். அதிகமாகப் பேசிவிட்டோம் என்று எனக்கே தெரிந்தது. அதற்காக உடனே இறங்கி வந்துவிடுகிற ஜன்மம் இல்லை நான். அறைக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலையில் கண் விழித்தபோது அவர் பக்கம் காலி. நடக்கப் போயிருப்பார், கோபம் ஆறட்டும் என்று நினைத்தேன். வாண்டு எழுந்து நீச்சல் குளம், நீச்சல் குளம் என்று நச்சரித்தாள். சாவி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வாண்டு தண்ணீரில் ஒரு முங்கு போட்டாள், குளத்துப் பக்கம் அவர் இல்லை. காலைச் சாப்பாட்டு ஹாலில் இல்லை. கருப்பு அட்டைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது.

ஈரத் துண்டோடு வாண்டை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அலை ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

காவலுக்கு இருந்த ஆளிடம், "ஒருத்தர் வந்தாரா? ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு?" என்று கேட்டேன்.

"தண்ணில யாரையும் இறங்க விடல மேடம். ஆனா விடியறப்போ ஒருத்தர் தனியா அந்தப் பாறைப் பக்கம் போனாரு. கண்ணாடி போட்டிருந்தாரு."

"திரும்பி வந்தாரா?"

அவர் யோசித்தார். யோசிக்கிற ஆளை அங்கேயே விட்டுவிட்டு நான் ஓடினேன். மணலில் கால் புதைந்தது. "ஏம்மா ஓடற? மெதுவாப் போம்மா" என்று வாண்டு பின்னாலேயே சிணுங்கிக்கொண்டு வந்தாள். தாராளமாகப் போங்கள் என்று சொன்னது நான்தானே? இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு ஒரு பூட்டு இருக்கக் கூடாதா? அந்தப் பதவியும் வேண்டாம், ஆபீஸும் வேண்டாம், ஆள் முழுசாகக் கிடைத்தால் போதும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

பாறைக்கு அந்தப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி, கண்ணாடி எல்லாம் சரி. ஆனால் வேறு யாரோ. என்னைப் பார்த்து "குட் மார்னிங்" என்றார். அவர் மீது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அறையில் செருப்பு இருக்கிறதா பார்க்கலாம், செருப்பு இருந்தால் எங்கோ பக்கத்தில்தான் இருப்பார் என்று திரும்பி வந்தேன். கதவில் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன், திருப்பி வைத்தேன். சிவப்புத்தான். வாண்டுக்கு நீச்சல் உடையில் பல் கிட்டியது. அவளைத் தூக்கிக்கொண்டு ரிசப்ஷனுக்கு இறங்கினேன்.

ரிசப்ஷன் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அந்த ரூம் காலி பண்ணியாச்சே மேடம்."

"யாரு காலி பண்ணினா? நாங்க அங்கதான் இருக்கோம்!"

"காலைல சார் வந்து சாவி குடுத்துட்டுப் போனாரே. ஏர்போர்ட்டுக்குக் கார் வேணுமான்னு கேட்டோம், ஆமான்னாரு. எல்லாம் ரொம்ப நல்லா இருந்துதுன்னும் சொன்னாரு."

"தனியாவா போனாரு?"

"பெட்டி இருந்துது மேடம்." அப்போதுதான் அவள் சிரிப்பு மெல்ல இறங்கியது. எங்கள் ஈரத்துணியையும் வாண்டின் உதட்டையும் பார்த்தாள். மெம்பரின் குடும்பம் இல்லையா, உடனே சோபாவில் உட்காரவைத்து வாண்டுக்குக் கம்பளியும் சூடாகப் பாலும் கொண்டுவந்தார்கள். அந்தக் கரிசனத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடலில் போகவில்லை. உயிரோடு இருக்கிறார். அது தெரிந்ததும் ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே அந்த மூச்சு நின்றுவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, காரில் ஏறிப் போயிருக்கிறார். நேற்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார், இனித் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாண்டு முன்னால் அழக் கூடாதே என்று தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

வாண்டு பால் மீசையோடு என்னைப் பார்த்தாள். "அப்பாவையாம்மா தேடற? அப்பா போயிட்டாரே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு முத்தம் குடுத்தாரே. அம்மாவப் படுத்தாம சமத்தா இரு, அப்பா வந்துடறேன்னு சொன்னாரே."

"அப்பவே ஏண்டி சொல்லல எங்கிட்ட?"

"எப்பவும் அப்படித்தானம்மா போவாரு? இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. என்னை வாடி போடி என்று அதட்டுகிற அளவுக்கு உரிமை அவளுக்கு. அவரிடம் மட்டும் நீங்க, வாங்க. நான் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவளாகவே வைத்துக்கொண்டது.

அவள் பால் டம்ளரோடு மீன் தொட்டியைப் பார்க்கப் போனாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ கார் வந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் யாராரோ இறங்கினார்கள்.

கடைசியில் ஒரு கார் வந்து நின்றதும் நிற்காததுமாகக் கதவைத் திறந்துகொண்டு அவர் ஓடிவந்தார். வேலைக்குப் போகிற பேன்ட், ஷூ, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கடற்கரைக்கு வந்த மனுஷன்! பெட்டியைக்கூடக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரொம்ப ஸாரிம்மா. சின்னக் குழப்பம் ஆயிடுச்சு. இனிமே இப்படி நடக்காது. நான் ஆபீஸ் வேலையே எடுத்துக்கறேன், எல்லாம் சரியாயிடும்."

வழவழவென்று அதே குரல்.

"அந்தக் குரல மூட்டை கட்டி வைங்க. நான் ரிசப்ஷன் இல்ல, உங்க பொண்டாட்டி," என்றேன். கவுன்டரில் நின்ற பெண் குனிந்துகொண்டாள்.

அவர் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பேசினது எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"கோவிச்சுக்கிட்டுப் போகலடி. சத்தியமா. அலாரம் அடிச்சுது, எழுந்தேன். குளிச்சேன். வாண்டுக்கு முத்தம் குடுத்தேன். கீழ வந்து சாவியக் குடுத்தேன். கார்ல ஏறி, போனை அணைச்சுட்டுத் தூங்கிட்டேன். எந்த கேட் சார்னு டிரைவர் கேட்டாரு. டிக்கெட்டத் தேடறேன், இல்ல. அப்பதான்... அப்பதான் தெரிஞ்சுது."

"பக்கத்துல நான் படுத்திருந்தேனே?"

"இருந்தே. வீட்லயும்தான் படுத்திருப்பே. நான் கிளம்பிப் போவேனே."

வேண்டுமென்றே போயிருந்தால் சண்டையாவது போடலாம். இதற்கு யாரோடு சண்டை போடுவது?

"பெரிய பதவி மேல எனக்கு ஆசைன்னு நெனக்கற இல்ல?" என்றார். "ஆசையெல்லாம் இல்ல. பயம். நம்ம வீட்ல எந்த ஸ்விட்சு எந்த லைட்டுன்னு எனக்குத் தெரியாது. வாண்டு என்ன கிளாஸ்னு போன வாரம் ஒருத்தர் கேட்டாரு, மென்னு முழுங்கினேன். நாலு நாள் வந்துட்டுப் போனா எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு. தினமும் இருந்தா உங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டா என்ன பண்றது?"

இந்த மனுஷன் இத்தனை நாள் இதையா உள்ளே வைத்துக்கொண்டு பாத்துக்கலாம், பாத்துக்கலாம் என்றார்? எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்து மோதின.

"பிடிக்காது. பல நாள் பிடிக்காதுதான். எனக்கு மட்டும் என்ன, வாண்டைத் தினமும் பிடிக்குதா? போனை எடுங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை மெஷின் படுத்தா அவங்க உங்களக் கூப்பிடறாங்கல்ல? கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மேலதிகாரி எடுத்தார் போல. "சார், நான் ஊர்லயே இருந்துக்கறேன்," என்றார். குரல் நடுங்கியது, வார்த்தை தடுக்கியது. அந்தப்பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். "இல்ல சார். யோசிச்சாச்சு," என்று வைத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாண்டு மீன் தொட்டியிலிருந்து திரும்பி வந்தாள். அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார், கையை நீட்டினார். அவள் எதிரே வந்து நின்று, கம்பளியைச் சரிசெய்துகொண்டாள்.

"என்னப்பா, எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?"

வீட்டிலும் அப்படித்தான், தெருமுனை வரை போன கார் திரும்பி வந்தால் அது சார்ஜருக்காகத்தான் இருக்கும்.

"ஆமாம்மா," என்றார் அவர்.

"சரி, சீக்கிரம் எடுத்துட்டுக் கிளம்புங்க. கார் நிக்குது பாருங்க," என்று சொல்லி, நீட்டியிருந்த கையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு டாட்டா காட்டினாள்.

நீட்டின கை அப்படியே இருந்தது. நான் வாசலுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டு டிரைவரை அனுப்பிவிட்டேன்.